மறுசேர்க்கைப் புரதம்: சொல்லும் பொருளும்

அறிவியற்றமிழ் பயிலும் முதுகலை மாணாக்கர்க்குக் காரைக்காலில் யான் பாடஞ்சொல்லிய ஒரு நாள், 'மறுசேர்க்கைப் புரதம்' என்னுந் தொடரை விரித்துரைக்குமாறு கேட்டேன். 'சிதைந்த புரதத்தை மீண்டும் சேர்த்து ஆக்கியது' என்று ஒருவர் விடை தந்தார். விடை பிழையே, எனினும் பிழைக்கு அவர் பொறுப்பாளர் அல்லர். தொடரின் அமைப்பே அவரை அவ்வழிச் செலுத்திற்று. ஆதலின் இத்தொடரின் பொருளை, நரம்பும் தசையும் கூடுமிடத்தை ஆராய்வார் கையாளும் புரதம் ஒன்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

சேர்க்கப்படுவது புரதம் அன்று, மரபணுவே. ஓர் உயிரின் மரபணுவைப் பிரித்தெடுத்து, வேறு மரபிழைத் துண்டம் ஒன்றனோடு ஒட்டி, நுண்ணுயிரினுள்ளோ ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுவினுள்ளோ புகுத்துவர். அவ்வுயிரணு தனக்குரிய புரதங்களோடு இவ்வயற்புரதத்தையும் ஆக்கித் தரும். கோகன், பாயர் என்னும் அமெரிக்க அறிஞர் 1973-இல் இம்முறைக்கு வழிகோலினர். 1982 முதல் நீரிழிவு நோயாளர்க்கு இவ்வாறு ஆக்கிய மனித இன்சுலின் கிடைத்து வருகின்றது. எனவே அத்தொடர் 'மறுசேர்க்கை செய்த மரபணுவாற் பெற்ற புரதம்' என விரிதல் வேண்டும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்க. பொற்குடம் என்புழிப் பொன் குடத்திலேயே உளது. இங்கோ, சேர்க்கை புரதத்தில் இல்லை. அது பிறந்த வழியில் உளது. மாணாக்கர் இதனைப் பொற்குடம்போற் கொண்டமையே பிழைக்குக் காரணம்.

இனி நரம்பு தசைக் கூடலுக்கு வருவாம். நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. இடையே நுண்ணிய வெளி உண்டு. நரம்பு சொரியும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைத் தசைப்பரப்பிலுள்ள ஏற்பிகள் ஏற்பத் தசை சுருங்கும். நரம்புமுனைக்கு நேரே ஒரு சதுர மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ 10,000 ஏற்பிகள் செறிந்திருக்கும். சற்று விலகின் அவை மிக அருகும். இவற்றை அவ்விடத்தே கூட்டியது யாது?

இவ்வினாவிற்கு விடை கடலிலிருந்து வந்தது. மின்திருக்கையின் மின்னுறுப்பு, தசையே உருமாறி அமைந்தது. நரம்புக் கூடல்கள் மலிந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் மக்மகன் குழுவினர் கலிபோர்னியக் கடலின் மின்திருக்கையிலிருந்து அவ்வுறுப்பின் சாற்றை எடுத்து, வளர்ப்புத் தசையணுக்களில் இட, சிதறிக் கிடந்த ஏற்பிகள் திரண்டன. அச்செயலுடைய புரதத்திற்கு 1987-இல் 'அக்ரின்' எனப் பெயரிட்டனர்; கூட்டுதல் எனப் பொருள்படும் கிரேக்க வினையடியாகப் பிறந்த பெயர் அது.

மின்திருக்கை நம் கரைக்கும் புதிதன்று. காரைக்காலுக்கு வடக்கே அணித்தாயுள்ள தரங்கம்பாடியிற் கிடைத்த ஒன்றை, பிளாக், ஷ்னைடர் என்னும் செருமானியரின் மீனூல் 1801-இல் விளக்கிற்று. அது இன்று 'நார்சினே திம்லெய்' எனப்படும். முற்சொல் மரமரப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியினின்று வந்தது. பிற்சொல் தமிழ்ச் செவிக்குத் 'திமிர்' என்பதனை நினைவூட்டும். ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது என மாணாக்கர்க்கு நாளும் சொல்லுகின்றோமாதலின், அதனை இம்மட்டில் விடுவாம்.

மீனுறுப்பின் சாறு பல பொருள்களின் கலவை. அதன்கண் எது எச்செயல் புரிந்தது எனத் துணிதல் அரிது. 1991-இல் எலியின் அக்ரின் மரபணுச் செய்தி வெளிவந்தபின் நிலைமை மாறிற்று. நரம்பு செய்யும் அக்ரினில் குறித்த ஓரிடத்தே எட்டு முதலாய சில அமினோ அமிலங்கள் மிகுதியாக உள்ளன. தசை செய்வதில் அவை இல. நடந்தான், நடப்பான் என்புழிப் பகுதியும் விகுதியும் ஒன்றாயிருப்ப இடைநிலையே காலத்தை வேறுபடுத்துமாறு போல, இச்சிறு இடைச்செருகலே ஆற்றலை வேறுபடுத்துகின்றது. அஃது உள்ள அக்ரின், இல்லாததினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிது. இரண்டனையும் தனித்தனியே ஆக்கி ஒப்புநோக்க மறுசேர்க்கை முறை இன்றேல் இது தெளிந்திராது.

இன்று ஆய்வகத்தார் அக்ரின் முழுமையும் வேண்டுவதில்லை. அது மிகப் பெரிது. அதன் இறுதிப் பகுதியை மட்டும் ஆக்கி, வளர்ப்பு எலித்தசையணுக்கள் ஒன்றிணைந்த குழல்களின்மேல் இடுவர். ஓரிரவு கழிய ஏற்பித் திரள்கள் தோன்றும். நரம்பு இல்லாமலே அதன் பணியில் ஒரு கூறு நிகழ்தலால், ஏனைக் கூறுகளைப் பிரித்தாராய வழி பிறக்கின்றது. திரள்களைக் காண ஒளிரும் சாயம் ஏற்றிய நஞ்சு ஒன்றைப் பயன்படுத்துவர். 1963-இல் தைவானில் சாங், லீ என்னும் இருவர், நம் கட்டுவிரியனுக்கு உறவான பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்தது அது. ஏற்பியைப் பற்றினால் எளிதில் விடாது.

கட்டுவிரியன் தீண்டினார்க்கு இமை தாழ்ந்து மூச்சுத் தளர்வதைக் காவிரிக் கடைமடையில் அறியாதார் சிலரே. அந்நஞ்சு தாக்குமிடம் இக்கூடலே. உடலின் எதிர்ப்பொருளே இவ்விடத்தைத் தாக்கும் தசைத்தளர்ச்சி நோயும் ஒன்று உண்டு. அந்நோயர்க்கும் இமை தாழும், மாலையில் மிகும். அவருள் பலரிடம் எதிர்ப்பொருள் ஏற்பிக்கு மாறாக எழும். சிலரிடம் அக்ரினின் ஏவலைத் தசையினுட் செலுத்தும் 'மஸ்க்' என்னும் புரதத்திற்கு மாறாக எழுமென 2001-இல் தெரிந்தது. இவ்வேறுபாடு மருத்துவத்தை மாற்றுமாதலின், மறுசேர்க்கையாற் பெற்ற மஸ்க்கைக் கொண்டு நோயரின் குருதிநீரைச் சோதிக்கின்றனர்.

அக்ரினைத் 'தொகுப்பி' எனத் தமிழாக்கலாமே என்பார் உளர். முன்னர் யானும் அக்கருத்தினன். 1996-இல் அக்ரின் அற்ற எலிகள் கூடல் அமையாமல் பிறந்தவுடன் இறந்தமை அதற்கு அரணாயிற்று. ஆனால் 2001-இல் வேறொன்று புலனாயிற்று: நரம்பு வருமுன்னரே தசையின் நடுவே ஏற்பிகள் தாமே ஓரளவு திரளுகின்றன. அக்ரின் கூட்டுவதோடு, கூடியதைச் சிதையாமற் காத்தலும் செய்கின்றது. செயலின் ஒரு பாதியைப் பெயராக்கி மறுபாதியை மறைத்தலினும், அக்ரின் என்றே வழங்குதல் நன்று. மறுசேர்க்கைப் புரதம் என்பதோ பரவிவிட்டது, மாற்றல் எளிதன்று. கட்டுரைகளில் முதன்முறை வருங்கால் மட்டும் 'மறுசேர்க்கை மரபணுவாற் பெற்ற புரதம்' என விரித்தெழுதுவோமாக.