ராஜபாளையத்தை வகுக்க முடியாது

கான்சாபுரம் ஆகட்டும், ராஜபாளையம் ஆகட்டும், பின்கோடு 626 என்றுதான் ஆரம்பிக்கும். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஏற்பாடு. முதல் மூன்று இலக்கம் வட்டாரத்தையும் கடைசி மூன்று தபால் நிலையத்தையும் காட்டும். தபால்காரருக்கு அதோடு சரி. கணக்குப் பிரியருக்கு அங்கேதான் வேலையே ஆரம்பம்.

ராஜபாளையம் 626117. ஸ்ரீவில்லிபுத்தூர் 626125. வித்தியாசம் எட்டுதான், குணமோ நேரெதிர்.

வில்லிபுத்தூரை உடைப்பது சுலபம். கடைசி மூன்று இலக்கமே 125 என்பதால் முழு எண்ணும் 125ஆல் வகுபடும். ஈவு 5009, ஒரு பகா எண். கதை முடிந்தது.

ராஜபாளையம் அப்படி மசியாது. எதுவரை வகுத்துப் பார்ப்பது? ஓர் எண்ணை இரண்டாகப் பிரித்தால், சிறிய காரணி அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 791ஐ வர்க்கம் செய்தால் 625681, 792ஐச் செய்தால் 627264. ஆக, 791 வரையுள்ள 138 பகா எண்களைச் சோதித்தால் போதும். 157ஆல் வகுத்தால் மீதி வெறும் 1. 433ஆல் வகுத்தால் மீதி 432. இன்னும் ஒன்று கூடியிருந்தால் மாட்டியிருக்கும்! 138ம் தோற்றுப்போகின்றன. 626117 பகா எண்ணேதான். (நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்ட எண்ணிடம் இந்த முறை எடுபடாது. எந்த எண்ணானாலும் பகா எண்ணா என்று நியாயமான நேரத்துக்குள் தீர்மானிக்கும் வழியை 2002இல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் கண்டார்கள்.)

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த படி. நான்கால் வகுத்து மீதி 1 வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாக என்றார் ஃபெர்மா, 1640இல். நிரூபித்தவர் ஆய்லர், நூறு வருஷம் கழித்து. நம் ராஜபாளையம் 721² + 326². வேறு ஜோடி தேடுவது வீண்.

வில்லிபுத்தூருக்கோ நான்கு ஜோடி: 771, 178; 659, 438; 790, 45; 605, 510. வர்க்கம் செய்து கூட்டிப் பாருங்கள். இவை எங்கிருந்து வருகின்றன? 125 என்பது 11² + 2². 10² + 5² என்றும் எழுதலாம். 5009 என்பது 65² + 28². இப்படிப்பட்ட இரண்டு எண்களின் பெருக்கலும் இரு வர்க்கங்களின் கூட்டலாகவே இருக்கும் என்ற விதியை பிரம்மகுப்தர் 628இலேயே எழுதிவிட்டார். 11×65 + 2×28 = 771; கூட்டாமல் கழித்தால் 659. மற்ற இரண்டு ஜோடியும் 10, 5 கொடுத்தவை. அதனால்தான் அவற்றில் எல்லா எண்ணும் ஐந்தால் வகுபடுகின்றன.