கொழுப்பு கரைந்தால் மூட்டு ஆறுமா?

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில், சொரியாசிஸ் மூட்டுவாதமும் உடல் பருமனும் ஒருசேர இருந்த 41 பேருக்கு நாளொன்றுக்கு 640 கலோரி மட்டுமே கொடுத்தார்கள். நெய் ரோஸ்ட், வடை, காபி என்று காலையில் ஓட்டலில் உட்கார்ந்து எழுந்தாலே அந்தக் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும். 12 முதல் 16 வாரம் இந்தப் பத்தியம் நீடித்தது. முடிவு 2019இல் வெளியானது: எடை ஏறத்தாழ 18.7 கிலோ இறங்கியிருந்தது. வலியும் வீக்கமும் உள்ள மூட்டுகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. அதிகம் இளைத்தவர்களுக்கு அதிகப் பலன்.

இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் உடல் பெரும்பாலும் கீட்டோனை எரிபொருளாக்கும் நிலைக்கு மாறிவிடும். அப்படியானால் மூட்டை ஆற்றியது கீட்டோனா, குறைந்த எடையா?

கீட்டோன் பக்கம் நல்ல சாட்சிகள் உண்டு. அரிசி, கோதுமை, சர்க்கரையை நிறுத்தியதும் இன்சுலின் தணிகிறது. கல்லீரல் கொழுப்பை எடுத்து பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற கீட்டோனைத் தயாரிக்கிறது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் இந்தக் கீட்டோ உணவுமுறையை முன்வைத்தது வலிப்பு நோய்க்காகத்தான். அழற்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பின்னால் வந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதக் கூட்டமைப்பு இருக்கிறது. அது முடுக்கிவிடப்பட்டால் அழற்சி கிளம்பும். கீட்டோன் அதை அடக்குவதை 2015இல் யேல் பல்கலைக்கழகத்தின் விஷ்வ தீப் தீட்சித் குழு காட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, கீட்டோ தீனி தின்ற எலிகளுக்கு, மூட்டில் யூரிக் அமிலம் படிவதால் வரும் கௌட் வீக்கம் தணிந்ததையும் அதே குழு கண்டது.

எலிக்குச் சரி. மனிதரிடம் கீட்டோனையும் பட்டினியையும் பிரித்துப் பார்த்தவர்கள் நார்வேக்காரர்கள். முடக்குவாத நோயாளிகளில் ஒரு பிரிவினர் ஒரு வாரம் ஏறக்குறைய பட்டினி. இன்னொரு பிரிவினருக்கு அதே ஒரு வாரம் மாவுச்சத்து குறைந்த கீட்டோ உணவு. பட்டினி கிடந்தவர்களிடம் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 6 இறங்கியது. கீட்டோ சாப்பிட்டவர்களிடம் கீட்டோன் ஏறியும் அது இறங்கவில்லை. ஒரு வாரச் சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் கீட்டோன் தனியாக நின்று அற்புதம் செய்யும் என்ற பேச்சை அது பலவீனப்படுத்துகிறது.

எடைக்கான வாதம் இதைவிட வலுவானது என்பது என் கணிப்பு. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல, டி.என்.எஃப், இன்டர்லூக்கின் 6, லெப்டின் என்று அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அடாலிமுமாப் போன்ற விலை உயர்ந்த ஊசிகள் கட்டிப்போடுவதும் இதே டி.என்.எஃப்பைத்தான். பருமனானவர்களுக்கு அந்த ஊசி பல நேரம் சரியாக எடுபடுவதில்லை.

ஆக, கீட்டோ ஒருவரை இளைக்க வைத்து, இளைத்த எடையை நிலைக்கவும் வைத்தால் மூட்டுக்கு நல்லது. கீட்டோவைப் போலவே மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ குழுக்களில் நூறு பாதாமும் பட்டர் டீயுமாகத் தொடங்கி இளைத்தவர்கள் நம்மிடையே நிறைய. அடுத்த பொங்கலுக்குள் பழைய எடைக்குத் திரும்பியவர்களும் உண்டு.

கௌட் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தொடக்க வாரங்களில் கீட்டோனும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் வெளியேறப் போட்டியிடும். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி, கால் கட்டைவிரல் வீங்கலாம். எலிக்குத் தணிந்த அதே நோய்!

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் உணவை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீட்டோவைத் தொடங்கவே கூடாது. அந்த மாத்திரைகளோடு சேரும்போது ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து வரலாம். அப்போதும் குளுக்கோமீட்டரில் சர்க்கரை இயல்புக்குப் பக்கத்திலேயே காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்றால் மீட்டரை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தில் கீட்டோன் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.