ஊதா நிறக் கொடிரோசா

ரோசா மலருக்கு வெண்மை, செம்மை, மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பல வண்ணங்களை வழங்கிய இயற்கை, நீலத்தை மாத்திரம் வழங்காது விட்டது. கிடையாத பொருளின்மீது மனிதர்க்கு ஆசை மிகுதி. நீல ரோசாவைக் காண வேண்டுமென்ற வேட்கை ஐரோப்பியத் தோட்டக்காரரிடையே நெடுங்காலம் நிலவியது. அக்காலத்திலேதான், 1909ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ஏர்பூர்ட் நகரத்து நாற்றுப் பண்ணையொன்று ஒரு புதிய கொடிரோசாவை வெளியிட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் ஃபைல்ஷென்பிளௌ. ‘வயலட் மலரின் நீலம்’ என்பது அச்சொல்லின் பொருள். விற்பனையாளர் சிலர் அதனை நீல ரோசா என்றே விளம்பரஞ் செய்தனர். உண்மையில் அதன் நிறம் ஊதாவேயாகும். ஆயினும் நறுமணமும் ஊதா நிறமும் ஒருங்கமைந்த கொடிரோசாவை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க விரும்பும் ஐரோப்பியக் குடும்பத்தார் இன்றும் தேடிச் செல்லும் இனங்களுள் அஃது ஒன்று.

இக்கொடியின் வமிசம் கீழ்த்திசையைச் சேர்ந்தது. யப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகளில் மல்ட்டிபுளோரா என்னும் காட்டு ரோசா வளர்கின்றது. சிறு பூக்களைப் பெருங் கொத்துக்களாகத் தருவது அதன் இயல்பு. அவ்வழியில் வந்த கிரிம்சன் ராம்ப்ளர் என்னும் செந்நிறக் கொடிரோசா யப்பானிலிருந்து பிரித்தானியாவுக்குச் சென்று, 1893ஆம் ஆண்டில் அங்கு விற்பனைக்கு வந்தது. அதுவே ஊதா ரோசாவின் பெற்றோருள் ஒன்று. ஆதலின் கொத்தாகப் பூக்கும் குணமும், நீண்டு வளரும் குணமும் இதற்குப் பரம்பரைச் சொத்தாக வாய்த்தன.

கொடி பன்னிரண்டு முதல் பதினைந்து அடி வரை வளரும். பூ ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குல அகலமே உடையது. நடுவில் வெண்மையும், அவ்வெண்மையிடையே மஞ்சள் நிறக் கேசரங்களும் விளங்கும். இதழ்களில் ஆங்காங்கே வெண்கோடு ஓடும். மலரும்போது செவ்வூதாவாக இருக்கும் பூ, பின்னர் நீலஞ் சார்ந்த ஊதாவாகி, உதிருமுன் சாம்பல் படிந்த வெளிர்நிறம் அடைகின்றது. ஆகவே ஒரே கொத்தில் பல நிறங்களை ஒருசேரக் காணலாம். கடுவெயில் இந்நிறங்களை விரைவில் வெளிறச் செய்யும். பிற்பகலில் நிழல் விழும் சுவரோரத்தில் நட்டால் ஊதா நிறம் நெடுநேரம் நிலைக்கும். பெரும்பாலான ரோசாக்கள் முழு வெயிலை நாடுவன. இதுவோ பாதி நிழலிலும் நன்கு பூப்பது.

மணத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ரோசாவின் வாசனை இதழில் உறைவது என்பது பொதுவான எண்ணம். மல்ட்டிபுளோரா வமிசத்தில் கேசரங்களும் மணத்தைத் தருகின்றன. அம்மணம் காற்றிலே பரவிச் செல்லுந் தன்மையது. பூவை முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. வாயிலருகே நடந்து செல்பவர்க்குத் தானே வந்து சேரும். அன்றியும் இக்கொடியில் முட்கள் மிக அரிது. சிறுவர் ஓடியாடும் முற்றத்திலும், நடைபாதை மீதமைந்த வளைவிலும் இதனை அச்சமின்றிப் படர விடலாம்.

ரோசா, கொடி எனப்படினும், பாகற்கொடி போலப் பற்றுக்கம்பியால் தானே பற்றி ஏறுவதில்லை. தாங்கியும் கட்டும் வேண்டும். சுவரில் ஒன்றரை அடி இடைவெளியில் கிடையாகக் கம்பிகளை இழுத்து, சுவருக்கும் கம்பிக்கும் இடையே சில அங்குலம் காற்றோட விடுதல் நன்று. நடும் குழி சுவரிலிருந்து ஒன்றரை அடி விலகியிருத்தல் வேண்டும். சுவரின் அடிமண் மழை பெய்தும் உலர்ந்தே கிடப்பதுண்டு. வேர் உலர்ந்து, காற்றோட்டமும் குறைந்தால், இலைகளில் வெண்சாம்பல் நோய் தோன்றும். மக்கிய தொழுவுரத்தை மண்ணோடு கலந்து, நட்டபின் வேரடியை இலைக்குப்பையால் மூடி, முதலாண்டு முழுவதும் நீர் குறையாது காத்தல் அவசியம். ஐரோப்பாவில் இலையுதிர்ந்து செடி உறங்கும் நவம்பர் முதல் மார்ச்சு வரையிலான காலமே நடுதற்கு ஏற்றது.

தண்டுகளை நேராக மேலே விட்டால் நுனியில் மாத்திரம் பூக்கும். நுனிமொட்டில் உண்டாகும் வளர்ச்சிப் பொருளொன்று கீழிறங்கிப் பக்க மொட்டுக்களை உறங்க வைப்பதே அதற்குக் காரணம். தண்டைச் சாய்த்து, விசிறி போல விரித்துக் கட்டினால், அத்தடை தளர்ந்து கணுத்தோறும் பக்கக்கிளை எழும். அக்கிளைகளின் நுனியிலேதான் பூங்கொத்துக்கள் தோன்றும்.

இனி, இக்கொடியை வளர்ப்போர் தவறாது அறிய வேண்டிய செய்தி ஒன்றுளது. மல்லிகை வளர்த்துப் பழகியவர், கொடியை வெட்டினால் புதுத்தளிர் வரும், தளிரிலே பூ வரும் என்பதை அறிவர். அவ்வறிவை இவ்வூதா ரோசாவிடம் செலுத்தினால் கேடு விளையும். இவ்வாண்டு நீளும் தண்டு இவ்வாண்டு பூப்பதில்லை. அஃது ஒரு பனிக்காலத்தைக் கடந்து, அடுத்த கோடையிலேயே பூக்கும். இங்கிலாந்தில் சூன், சூலை மாதங்களில் ஒருமுறை, சில வாரங்கள் மாத்திரம் பூத்து ஓய்வதே இதன் வழக்கம். குளிர்காலத்தில் தோட்டத்தைத் துப்புரவாக்கும் எண்ணத்தோடு கத்தரி எடுப்பவர், மறுகோடைக்குரிய பூவையெல்லாம் அறியாமலே வெட்டி எறிகின்றார். கோடை வருகின்றது, இலை தழைக்கின்றது, பூவைக் காணோம். வெட்டினால் பூக்கும் என நம்பி அடுத்த குளிர்காலத்தில் இன்னும் ஆழமாக வெட்டுகின்றார். சில ஆண்டுகள் இவ்வாறு சென்றபின், பூவாத கொடியென்று பழிசுமத்தி வேரோடு பெயர்த்து விடுவதும் உண்டு. குற்றம் கொடியினது அன்று. கத்தரி எடுத்த மாதத்தினது.

கத்தரித்தற்கு உரிய காலம் பூ ஓய்ந்த உடனேயே வருகின்றது. பூத்து முடிந்த முதிர்ந்த தண்டுகளில் மூன்றிலொரு பங்கை அடியோடு நீக்கி, அடியிலிருந்து கிளம்பும் இளந்தண்டுகளை அவற்றின் இடத்தில் சாய்த்துச் சணல் நூலால் தளர்வாகக் கட்டுதல் வேண்டும். எஞ்சிய பழந்தண்டுகளின் பக்கக்கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு நறுக்கினாற் போதும். அதன்பின் பனிக்காலத்தில் உலர்ந்த குச்சியை அகற்றுவதைத் தவிரக் கத்தரிக்கு வேலையில்லை. இம்முறையில் கொடி ஆண்டுதோறும் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்ளும். இலையுதிர் காலத்தில் ஒன்பது அங்குல அளவு முற்றிய தண்டை வெட்டி, மூன்றில் இருபங்கு மண்ணுட் புதைத்து வைத்தால் எளிதில் வேர் விடும். அயலவர்க்கும், மணமாகிப் பிறிதோர் ஊர் செல்லும் மகளுக்கும் கொடுத்தற்கு இதனினும் மலிவான பரிசு இல்லை.

பனிக்கால உறக்கமில்லாத இலங்கையின் கீழ்நிலங்கள் இக்கொடிக்கு ஏற்றன அல்ல. எனினும், எந்தப் பூங்கொடியையும் வெட்டுமுன், அது புதுத்தண்டில் பூப்பதா, சென்ற ஆண்டுத் தண்டில் பூப்பதா என வினவியறிதல் எந்நாட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

நீல ரோசா என்னும் கனவு யாதாயிற்று என்று கேட்கலாம். நீலமலர்கள் பலவற்றுக்கு நிறந்தரும் டெல்பினிடின் என்னும் பொருளை ஆக்கும் ஆற்றல் ரோசாவுக்கு இல்லை. யப்பானிய நிறுவனமாகிய சன்ரோரி, வயலட்டின் இனத்ததாகிய பான்சி மலரின் மரபணுவை ரோசாவிற் புகுத்தி, அப்பொருளை உண்டாகச் செய்து, அம்மலரை 2009ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. நூறாண்டின் முன் வயலட்டின் பெயரை மாத்திரம் கடனாகப் பெற்ற ரோசாக்குலம், இவ்வாறு அதன் இனத்தின் மரபணுவையே பெற்றது. அவ்வாறு பிறந்த மலரும் வெளிறிய ஊதாவாகவே அமைந்தது. ஏர்பூர்ட் நகரத்துக் கொடியோ, எவ்வித ஆய்வுகூடத் துணையுமின்றி, உரிய மாதத்தில் கத்தரி எடுக்கும் குடும்பத்துக்குக் கோடைதோறும் தன் ஊதாப் பூக்களைக் கொத்துக் கொத்தாக வழங்கி வருகின்றது.