ஜீப்பை உயர்த்தினால் மட்டும் போதுமா?

மாரி தொடங்கிவிட்டால் வன்னியின் உட்கிராமங்களுக்குப் போகும் கிரவல் வீதிகள் பல சேறாகிவிடும். வயலுக்கு உரம் ஏற்றவும், குளக்கட்டுப் பக்கம் போகவும், இரவில் ஒரு நோயாளியைப் பிரதான வீதிவரை கொண்டுவரவும் உயரமான ஃபோர்வீல் வாகனம்தான் கைகொடுக்கிறது. அதற்காகவே சிலர் பழைய ஜீப்பை வாங்கி, 2 அங்குலமோ 4 அங்குலமோ உயர்த்தி, பெரிய ரயர் பூட்டுகிறார்கள். வாகனத் திருத்த வேலையில் இருக்கும் என்னிடம் அவர்கள் பிறகு கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, உயர்த்தினதிலயிருந்து வாகனம் உதறுது."

தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டியவர்கள் நாங்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்கும் கெட்டித்தனம் நம்மிடம் நிறையவே உண்டு. ஆனால், எஞ்சினின் விசையைச் சில்லுக்குக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்ட் சமாளிப்புக்கு இடம் தராது. அதை அளந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

தகட்டு ஸ்பிரிங் உள்ள ஜீப்பை எடுத்துக்கொள்வோம். உயர்த்தும்போது கியர்பொக்ஸ் மேலே போகிறது. அக்சில் கீழேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் முன்னரைவிடச் சரிவாகிறது. ஒரு மீற்றர் நீளமான ஷாஃப்ட் என்றால், 50 மில்லிமீற்றர் (2 அங்குலம்) உயர்வுக்கு ஏறத்தாழ 3 பாகை கூடும். 60 சென்ரிமீற்றர் ஷாஃப்ட் என்றால் அதே உயர்வுக்கு ஏறத்தாழ 5 பாகை. கட்டையான ஷாஃப்ட் உள்ள வாகனம் அதிகம் சிரமப்படுவது இதனால்தான்.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ யுனிவர்சல் ஜொயின்ற் இருக்கிறது. அது சரிவாக நின்று சுழலும்போது வேகத்தைச் சீராகக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரு தடவை வேகம் கூடிக் குறையும். 10 பாகையில் இந்த வேறுபாடு கூடுதலாகவும் குறைவாகவும் 1.5 வீதம், 20 பாகையில் 6 வீதத்துக்கு மேல். பாகை இருமடங்கானால் உதறல் நான்கு மடங்காகிறது. 60 கிலோமீற்றர் வேகத்தில் இப்படியான ஜீப்பின் ஷாஃப்ட் விநாடிக்கு ஏறத்தாழ 30 தடவை சுற்றும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முன் ஜொயின்ற் உண்டாக்கும் ஏற்றத்தாழ்வைப் பின் ஜொயின்ற் சமப்படுத்த வேண்டும். அதற்கு இரு முனைகளிலும் பாகை சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு கவைகளும் ஒரே நேரில் நிற்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றுமுன் பெயின்றால் அடையாளம் இடுவது இதற்காகத்தான். ஸ்பிரிங்கின் பின்பக்க ஷக்கிளை மட்டும் நீட்டி மலிவாக உயர்த்தினால் அக்சில் திரும்பி, டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும். பிறகு இரு பாகைகளும் ஒன்றாக வராது. ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம்.

4 அங்குலம் போன்ற பெரிய உயர்வுக்கு ஆப்புத் தகடு மட்டும் பெரும்பாலும் போதாது. மேல்முனையில் இரட்டை ஜொயின்ற் உள்ள ஷாஃப்ட் தேவைப்படும். அதைப் பூட்டினால் கணக்கு மாறும்: டிஃபரன்ஷியலின் மூக்கு நேராக ஷாஃப்டை நோக்க வேண்டும். விசை கொடுக்கும்போது பின் அக்சிலின் மூக்கு சற்று மேலெழும் என்பதால் 1 அல்லது 2 பாகை கீழே வைப்பது வழக்கம்.

நீளத்தையும் பாருங்கள். சட்டத்தை உயர்த்தி, ஸ்ராண்டில் உறுதியாக நிறுத்தி, சில்லுகளைத் தொங்கவிடுங்கள். ஷாஃப்டில் நீண்டு சுருங்கும் பல்லுப் பகுதி கழன்றுவிடும் நிலையில் இருந்தால், லேத் வேலைத்தளத்தில் நீட்டி, பலன்ஸும் பார்க்க வேண்டும். அதே வேளையில் பிரேக் குழாய் இழுபடுகிறதா என்றும் கவனியுங்கள்.

பெரிய ரயர் இன்னொரு சுமை. 28 அங்குல ரயருக்குப் பதில் 31 அங்குலம் பூட்டினால், மீற்றர் 60 காட்டும்போது உண்மையான வேகம் 66. இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். அதை ஈடுசெய்ய டிஃபரன்ஷியல் பல்லை மாற்றுவதானால் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர்வீலைப் போட்டால் இரு அக்சில்களும் ஒன்றையொன்று இழுத்து ஏதோவொன்று உடையும். நடு டிஃபரன்ஷியல் இல்லாத வாகனத்தில் கார்பெற் வீதியில் ஃபோர்வீல் போடக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

வெள்ளம் கடப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை இழுக்கும். அந்தத் துளையில் ஒரு குழாயை மாட்டி உயரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

ஆளேற்றும் வாகனத்துக்கு நான் எப்போதும் கேட்டுச் செய்விப்பது ஓர் இரும்பு வளையம். ஷாஃப்டின் முன்பகுதியைச் சுற்றி அதைச் சட்டத்தில் பூட்ட வேண்டும். ஓடும்போது முன் ஜொயின்ற் உடைந்தால் ஷாஃப்ட் கீழே விழுந்து வீதியில் குத்தி வாகனத்தையே தூக்கிவிடலாம். வளையம் அதைத் தாங்கிக்கொள்ளும். செலவு சொற்பம்.

எவ்வளவு உயர்த்துவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், தேவைக்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம் என்பதே. செயற்கைக் காலுடன் ஏற வேண்டியவர்கள் நம் ஊர்களில் பலர். அவர்கள் ஏற முடியாத வாகனம் யாருக்கு உதவும்? மாற்றம் செய்யுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே உயர்த்தியவர்கள் மாரிக்கு முன் இதைச் செய்யலாம். சமதரையில் எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கீழே படுத்து ஒவ்வொரு ஜொயின்றையும் கையால் முறுக்கியும் மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். சிலுவையில் ஆட்டம் தெரிந்தாலோ, கிண்ணங்களின் ஓரத்தில் துருத்தூள் இருந்தாலோ ஜொயின்ற் முடிந்துவிட்டது. நன்றாக இருந்தால், நான்கு கிண்ணங்களிலிருந்தும் வெளியே வரும்வரை கிறீஸ் அடியுங்கள்.