விளக்கப் புத்தகம் வராத கரை

1985ஆம் ஆண்டு வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் மாரியோ துள்ளித் துள்ளி உடைக்கிற செங்கற்களுக்கு ஒரு கதை இருக்கிறது. காளான் இராச்சியத்தை ஆமைக் கூட்டமொன்று பிடித்துக்கொள்கிறது. அங்கு வாழ்ந்த அப்பாவிச் சனங்கள் சூனியத்தால் கல்லாகவும் செங்கல்லாகவும் மாற்றப்படுகிறார்கள். ஆக, நாணயத்துக்காக நாம் நொறுக்கியது அந்த ஊர் மக்களைத்தான். ஆட்டத்தைக் கடைசிவரை ஆடி முடித்தாலும் திரையில் இதைப் பற்றி ஒரு வரியும் வராது. பெட்டிக்குள் கெசட்டோடு வந்த சின்ன விளக்கப் புத்தகத்தில்தான் அது அச்சிடப்பட்டிருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அந்த ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதை அநேகமாக யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் கரைக்குக் கெசட் வந்தது. புத்தகம் வரவில்லை.

கதையை ஏன் காகிதத்தில் வைத்தார்கள்? கெசட்டில் இடமில்லை என்பதுதான் காரணம். சூப்பர் மாரியோ முழுவதற்கும் கிடைத்த நினைவகம் 40 கிலோபைட். அதில் 32 கிலோபைட் நிரலுக்கு, 8 கிலோபைட் படங்களுக்கு. இன்று வட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு புகைப்படமே இதைவிடப் பெரியது. எட்டு உலகங்களையும் இசையையும் எதிரிகளையும் அதற்குள் அடைத்த பிறகு, முன்கதைக்கும் கட்டுப்பாட்டு விளக்கத்துக்கும் தாள்தான் மிச்சம். அந்தக் காலத்து விளையாட்டில் பாதி சில்லில் இருந்தது, பாதி தாளில் இருந்தது என்றே நான் சொல்வேன்.

எங்கள் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் நிண்டெண்டோவின் பெமிகொம் இயந்திரத்தைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல்கள். கொழும்புக் கடைகள் வழியாகவும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த வாப்பாமாரின் பெட்டிகளிலும் வந்தன. 'டீவி கேம்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மஞ்சள் கெசட்டின் முகப்பில் 9999999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில ஆட்டங்கள், மிச்சமெல்லாம் அவற்றையே வேறு கட்டத்திலிருந்து, வேறு வேகத்தில் தொடங்கும் பட்டியல். எத்தனை ஆட்டத்துக்கென்று புத்தகம் போடுவது?

தாள் இல்லாததால் ஆட்டமே நின்றுபோன சந்தர்ப்பங்களும் உண்டு. 1990இல் வந்த ஸ்டார்டிராபிக்ஸ் விளையாட்டின் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்தால் மறைந்திருந்த 747 என்ற எண் தெரியவரும். அந்த எண்ணைக் கொடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. எட்டு ஆண்டுகள் கழித்து வந்த மெட்டல் கியர் சொலிட்டில் ஒரு பெண்ணை வானொலியில் அழைக்க வேண்டும். அலைவரிசை சீடி உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று ஆட்டத்துக்குள்ளேயே சொல்வார்கள். அசல் உறையின் பின்னட்டையில் அந்தத் திரைக்காட்சி அச்சாகியிருந்தது, எண் 140.15. இங்கே சீடி வந்தது பிளாஸ்டிக் உறையிலோ, முன்பக்கம் மட்டும் போட்டோக் கொப்பி அடித்த தாளோடோ. பின்பக்கம் என்ற ஒன்றே இல்லாதவர் எங்கே போய்ப் பார்ப்பார்? ஒவ்வோர் எண்ணாகச் சுழற்றிப் பார்க்கலாம், அல்லது ஏற்கெனவே தாண்டியவரைத் தேடிப் போகலாம்.

நகல் சீடி ஓடியதன் பின்னால் நல்ல பௌதிகம் இருக்கிறது. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷனின் அசல் வட்டு அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு நம் கண்ணுக்குத்தான். வட்டைப் படிக்கும் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அதை ஊடுருவிப் போய்விடும். கறுப்பைப் பார்த்துத்தான் அசல் என்று நாங்கள் தீர்மானித்தோம், இயந்திரம் அதைப் பார்க்கவே இல்லை. அது பார்த்தது வட்டின் உள்விளிம்பில், தடம் நெளிகிற விதத்தில் பொறித்திருந்த நான்கெழுத்துக் குறியை. ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. வீட்டுக் கணினியில் சீடி எழுதும் கருவி தரவை அப்படியே எழுதும், ஆனால் தடத்தை அப்படி நெளியவைக்க அதற்கு முடியாது. அதனால்தான் 'சிப் போட்ட' பிளேஸ்டேஷன் வந்தது. ஒரு சின்னஞ்சிறு சில்லை உள்ளே பற்றவைத்தால், வட்டிலிருந்து வரவேண்டிய அந்த எழுத்துகளை அதுவே இயந்திரத்துக்குக் கொடுத்துவிடும்.

அச்சிட்ட புத்தகம் வராத இடத்தை நிரப்பியது ஒரு கொப்பி. பாடசாலைக் கொப்பியின் கடைசித் தாள்கள், நீலப் பேனை. அப்படியொரு தாளை அண்மையில் கையில் வைத்துப் பார்த்தேன். மேலே ஆட்டத்தின் பெயர் இல்லை. ஆர்1, ஆர்2, எல்1, பிறகு ஒரு பெருக்கல் குறி, அதன்பின் எட்டு அம்புகள்: இடம், கீழ், வலம், மேல், மறுபடியும் அதே நான்கு. ஓரத்தில் தமிழில் 'காசி' என்று மட்டும். எழுதியவர் 'காசு' என்று நினைத்திருக்க வேண்டும். 2004 ஒக்டோபரில் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த சான் அன்ட்ரியாஸ் ஆடியவர்களுக்கு உடனே விளங்கும்: உயிரும் கவசமும் நிறைந்து, இரண்டரை இலட்சம் டொலர் கையில் வரும் குறியீடு அது. அம்புகளை ஒரே இழுப்பில், முனையைத் திருத்தமாக வரைந்திருந்தார்கள். மூன்றாவது அம்பு முதலில் தவறாகப் போட்டு அழுத்தி வெட்டப்பட்டிருந்தது. யாரோ ஒரு காக்கா வேகமாகச் சொல்லச் சொல்ல எழுதியது என்பது அந்த வெட்டிலேயே தெரிகிறது.

மற்ற நாடுகளில் புத்தகம் இருந்து, பிறகு போனது. 2010இல் யூபிசொப்ட் அச்சுப் புத்தகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது, அடுத்த ஆண்டு எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸும் அதே வழியில் போனது. 2017இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்தபோது பெட்டிக்குள் தபால்தலை அளவு கார்ட் ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் இருக்க அதில் டெனாடோனியம் பென்சோவேட் என்ற கடுங்கசப்புப் பூச்சு பூசியிருந்தார்கள். அச்சுச் செலவும் நிறையும் குறைந்தது ஒரு காரணம். ப்ளூரே வட்டில் 25 கிகாபைட்டும் அதற்கு மேலும் கிடைத்ததால் ஆட்டமே தன்னை ஆடக் கற்றுத் தந்தது இன்னொரு காரணம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இணையத்தில் திருத்தங்கள் வந்துகொண்டே இருப்பதால் விளையாட்டு வெளியாகும் அன்றோடு முடிவதில்லை. இன்று அச்சிட்ட விளக்கம் அடுத்த மாதம் பிழையாகிவிடும்.

புத்தகத்துக்குப் பிறகு இப்போது விளையாட்டும் பெட்டியை விட்டுப் போகிறது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2க்கு விற்கும் சில கார்ட்களில் ஆட்டமே கிடையாது, இறக்கிக்கொள்வதற்கான திறவுகோல் மட்டும்தான். 2023 மார்ச் 27இல் நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கடைகளை மூடியது. 2024 மார்ச் 31இல் த க்ரூ என்ற ஓட்டப்பந்தய ஆட்டத்தின் சேவையகத்தை யூபிசொப்ட் நிறுத்தியபோது, காசு கொடுத்து வட்டை வாங்கியவர்களாலும் அதை ஆட முடியாமல் போயிற்று. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 வீதம் இன்று கடையில் சட்டப்படி வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் ஆய்ந்து சொன்னது. சேகரிப்பவர்கள் பதறுவதில் நியாயம் இருக்கிறது. 2021 ஜூலையில் முத்திரை உடைக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. அது வேறு உலகம்.

எங்கள் கரையில் சேகரிக்க வேண்டியது முத்திரை உடைக்காத பெட்டியல்ல என்பது என் துணிபு. அந்தப் பெட்டிகள் ஜப்பானில் பல இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. இங்கே மட்டும் இருப்பவை நகல் கெசட், எழுதிய சீடி, கொப்பி. அவை சட்டப்படி செய்தவை அல்ல, 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் ஒரு தலைமுறை எதை, எப்படி ஆடியது என்பதற்கு இவற்றைவிட வேறு சாட்சி இல்லை. இரசாயனமும் இவற்றுக்குத்தான் எதிராக நிற்கிறது.

கெசட்டின் கதை ஓரளவு நல்லது. அசல் கெசட்டில் தரவு சில்லைச் செய்யும்போதே இணைப்புகளாகப் பதிந்துவிடுவதால் இலகுவில் அழியாது. நகலில் கறுப்புப் பசைத் துளியின் கீழ் மறைந்திருக்கும் சில்லும் பெரும்பாலும் அந்த வகைதான். கெடுவது வெளியே இருக்கும் 60 தொடுமுனைகள். கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோரத்தில், அதுவும் மாரிகால இரவுகளில், அந்த அளவைத் தாண்டுவது வழமை. கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு மெல்லிய நீர்ப்படலமாகிச் செம்பை அரிக்கிறது. படம் வராவிட்டால் கெசட்டில் ஊதுவோமே, அந்த எச்சில் ஈரமும் அதே வேலையைத்தான் செய்தது. ஐசோபுரொபைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்தால் பலவும் திரும்ப வேலை செய்யும்.

சீடிதான் ஆபத்தில் இருக்கிறது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சுத்த வெள்ளியாக இருந்தால் தொழிற்சாலையில் அழுத்தியது. அதில் தரவு பௌதிகக் குழிகளாக இருக்கிறது. பச்சையோ நீலமோ ஊதாவோ சாயலடித்தால் கணினியில் எழுதியது. அங்கே குழிகளே கிடையாது, லேசர் சுட்ட சேதனச் சாயத்தின் நிறமாற்றம்தான் தரவு. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்ல மாற்றிவிடும். இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. சீடியின் அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடித்த பொலிகாபனேற்று, அங்கே விழுந்த கீறலைப் பற்பசை போட்டு மினுக்கினாலும் பலவேளை பிழைக்கும். தரவும் பிரதிபலிக்கும் படையும் மேற்பக்கத்தில், சில மைக்ரோமீட்டர் மெல்லிய மெருகுப் பூச்சின் கீழ்தான் கிடக்கின்றன. கடைக்காரர் ஆட்டத்தின் பெயரை எழுதிய பேனைமுனை, ஒட்டிய ஸ்டிக்கரின் பசை, எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். டிவிடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே தரவு இருப்பதால் மேற்கீறல் அவ்வளவு பாதிக்காது, ஓரத்தால் ஈரம் புகுந்து தகடுகள் பிரிவதுதான் அதன் நோய்.

கொப்பிக்கு எதிரிகள் இன்னும் கூட. மலிந்த தாளில் லிக்னின் மிச்சமிருப்பதால் மஞ்சளித்து நொறுங்கும். நீலக் குமிழ்முனைப் பேனையின் சாயங்கள் வெளிச்சத்தில் மங்கும். நடுவே இருக்கும் கம்பி துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளைத் தின்னும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் துயரத்தின் முன்னால் தாளைப் பற்றிப் பேசவே கை தயங்குகிறது. ஆனாலும் கரையோர வீடுகளில் இருபது, முப்பது ஆண்டுக் காகிதம் ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு அந்தக் காலையும் ஒரு காரணம். பின்னர் வந்த வெள்ளங்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். மினுமினுப்பான அச்சுத்தாள் நனைந்தால் காயவிடக்கூடாது. மேலுள்ள களிப்பூச்சு காயும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டிவிடும். பொலித்தீன் பையில் போட்டுப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிட்டால், பிறகு நிதானமாகப் பிரித்தெடுக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் எழுதிய சீடியிலிருந்து தொடங்குவது நல்லது, அதற்குத்தான் காலம் குறைவு. கணினியில் வட்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்து இரண்டு இடங்களில் வைக்கவும். கொப்பியின் கம்பியைக் கழற்றி, ஒவ்வொரு தாளையும் ஸ்கான் செய்த பின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் பெட்டியில் வைக்கவும். லமினேட் செய்ய வேண்டாம், அந்தச் சூடும் பசையும் தாளுக்குக் கேடு, பிறகு கழற்றவும் முடியாது. 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்தின் சேகரத்தில் இப்படியான கொப்பிகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எழுதிய காக்காமார் இப்போது நாற்பதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள், பலர் தோஹாவிலும் ரியாத்திலும். பெருநாளைக்கு ஊர் வரும்போது தாளை முன்னால் வைத்துக் கேட்டு, தொலைபேசியில் குரலைப் பதிந்து, படத்தோடு சேர்த்து வையுங்கள். குறியீடு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது, எத்தனை ரூபாய்க்கு சீடி வாங்கினார்கள் என்றெல்லாம் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது ஆட்டத்தின் பெயரை. பல தாள்களில் அது எழுதப்படவே இல்லை, அம்புகள் மட்டும்தான் இருக்கின்றன.