மழைநாளின் மின்கலம்

தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், நாவலப்பிட்டியில் மகாவலியின் இருமருங்கும் எழுந்து நிற்கும் தேயிலை மலைகள் நாட்கணக்கில் சூரியனைக் காணாமலே நனைந்துகொண்டிருக்கும். அத்தகைய சரிவொன்றில் மண்ணின் ஈரத்தையும் அசைவையும் அளக்க நிறுவப்படும் கருவி, சூரியத் தகட்டையும் சிறு மின்கலத்தையும் நம்பியே இயங்குமாயின், மண்சரிவின் அபாயம் உச்சத்தை எட்டும் அதே வேளையில்தான் அதன் சக்தியும் க்ஷீணிக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண் மூடியதை அறிந்த மலையக மக்களுக்குத் தாமதத்தின் விலையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அளந்ததையெல்லாம் தூரதேசத்துக் கணினி நிலையத்துக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திராமல், கருவியிலேயோ அண்மையிலுள்ள தோட்டத் தொழிற்சாலையில் வைத்த கணினியிலோ ஆராய்ந்து முடிவு காண்பதை விளிம்புக் கணிமை என்பர். கருவியே கணித்தால் அதன் சிறிய செயலிக்கு நேரம் பிடிக்கும். வானொலி அலையில் தொழிற்சாலைக் கணினிக்கு அனுப்பினாலோ மின்கலம் விரைவில் வற்றும். கேரளத்தின் மூணாற்றில் அம்ரிதா விஸ்வ வித்யாபீடத்தார் நிறுவிய மண்சரிவு உணரி வலையமைப்பு, மழை வலுக்கும்போது அடிக்கடி அளந்தும், ஓய்ந்தபோது இடைவெளிவிட்டும் சக்தியைச் சேமித்தது. எனினும் அதற்கு மனிதர் முன்கூட்டி வகுத்த வரம்புகளே வழிகாட்டின.

இயந்திரக் கற்றல் அத்தகைய வரம்புகளை அனுபவத்திலிருந்தே தேடுகிறது. மின்கலத்தின் இருப்பு, மழையின் வேகம், அலைவரிசையின் தெளிவு ஆகியவற்றை நோக்கி, இங்கேயே கணிப்பதா, அனுப்புவதா, சற்றே பொறுப்பதா என்று கருவி ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்க, செலவான சக்தியும் கழிந்த நேரமும் கூட்டப்பெற்று அத்தீர்மானத்துக்குரிய தண்டனையாகின்றன. அத்தண்டனையைக் குறைக்கும் வழிகளை அது படிப்படியாகப் பயில்கிறது. ஆனால் அக்கூட்டலில் ஒரு நொடித் தாமதம் எத்தனை பங்கு மின்சக்திக்குச் சமம் என்ற எண்ணை இயந்திரம் கண்டுபிடிப்பதில்லை, மனிதர்தாம் கொடுக்கிறார்கள். பொறியியலாளர் மாத்திரம் அமர்ந்து நிர்ணயிக்கத்தக்க எண் அதுவன்று. சரிவின் கீழ் உறங்குவோருக்கும் அதில் உரிமை உண்டு என்பதே என் திடமான அபிப்பிராயம்.

தாமதத்தையும் சக்தியையும் ஒப்பிடும் அந்த எண் மாறாததாக இருத்தலும் ஆகாது. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் பெய்யும் 75, 100, 150 மில்லிமீற்றர் மழையை விழிப்பு, எச்சரிக்கை, வெளியேற்றம் என்னும் படிகளுக்கு அளவாகக் கொள்கிறது. அப்படிகள் ஏற ஏறச் சிக்கனத்தின் நிறை குறைந்து, கடைசிப் படியில் அறவே அற்றுப்போக வேண்டும். பெருமழை அபூர்வமாகவே வருவதால், தவறிக் கற்பதற்கு மலை அவகாசம் தராது. பழைய மழைப் பதிவுகளைக் கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே அப்பயிற்சியை முடித்துவிட்டுத்தான் கருவியை மலையேற்ற வேண்டும்.