விலைப்பலகையில் ஏறாத கூலி

சந்தபுரியில் நூடுல்ஸ் கடையின் இரும்புக் கதவு மேலே உருளும்போது அன்றைய வேலையில் பாதி முடிந்திருக்கும். இருட்டோடு இருட்டாகப் பன்றியின் முதுகெலும்பையும் காலெலும்பையும் அண்டாவில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாயிற்று. பொங்கிவரும் அழுக்கு நுரையைக் கரண்டியால் வழித்து வெளியே கொட்டி, முள்ளங்கித் துண்டு, கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகு சேர்த்துத் தீயை அடக்கியாயிற்று. அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரம்மா குளிக்கப் போவார். மாடியில் குடித்தனம், கீழே கடை. அண்டாவுக்குக் காவலாக மாமனாரோ மகனோ முன்வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். இவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. தாய்லாந்தின் சிறு நகரங்களில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் 50, 60 பாட்டுக்குக் கிடைக்க முதல் காரணம் இந்தச் சம்பளமில்லாத கைகள்தான் என்பது என் கட்சி. 60 பாட் என்றால் நம் பணத்தில் 150 ரூபாய்க்கு மேல்.

பாங்காக்கிலிருந்து தென்கிழக்கே 245 கிலோமீட்டர் போனால் சந்தபுரி. கம்போடிய எல்லையை ஒட்டிய மாகாணம். துரியன், மங்குஸ்தான், மிளகு, ரத்தினக்கல், இவைதான் ஊரின் வரும்படி. பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்பும் நம்மூர்ச் சுற்றுலாக் கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. இலங்கைக் கல் வியாபாரிகளுக்கு மட்டும் பழகின ஊர். இரத்தினபுரிப் பக்கம் கிடைக்கும் 'கெவுடா' என்ற பால்நிறக் கல்லைத் தாய் வியாபாரிகள் 1970-களில் அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து, சூளையில் சூடேற்றி, பளிச்சென்ற நீலக்கல்லாக விற்றுக் காசு பார்த்தார்கள். இன்றும் வெள்ளி முதல் ஞாயிறு வரை சி சான் சாலையில் கல் சந்தை கூடுகிறது. வாங்குகிறவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார், விற்கிறவர் பொட்டலத்தோடு மேஜை மேஜையாக ஏறி இறங்குவார். மதியம் ஆனால் இரண்டு தரப்பும் ஒரே நூடுல்ஸ் கடையில் தோளோடு தோள் இடித்து உட்காரும்.

நூடுல்ஸ் இங்கே வந்த வழி நீளமானது. 1767-இல் பர்மியப் படை சயாமின் தலைநகர் அயுத்தயாவை முற்றுகையிட்டிருந்தபோது, வீழ்ச்சிக்கு முன்பே வெளியேறிய தளபதி தக்சின் சந்தபுரியைப் பிடித்தார். இங்கே கப்பலும் ஆளும் சேர்த்துக்கொண்டு அந்த வருஷக் கடைசியில் மீட்புப் போருக்குக் கிளம்பினார். அவருடைய தந்தை தியோச்சூ சீனர். தக்சின் அரசரானபின் தியோச்சூக்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. துறைமுக ஊர்களில் எல்லாம் அவர்கள் கடை போட்டார்கள். அவர்கள் கொண்டுவந்ததுதான் குவைத்தியாவ் என்ற நூடுல்ஸ். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் 'கொய்த்தியாவ்' என்று வாங்கிச் சாப்பிடுவதும் இதே பண்டம்தான். சந்தபூன் ஆற்றங்கரைத் தெருவில் அந்தக் காலத்து மரவீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. எதிர்க்கரையில் 1909-இல் எழுந்த கத்தோலிக்கப் பேராலயம், வியட்நாமிலிருந்து தஞ்சம் வந்த கிறிஸ்தவக் குடும்பங்களுடையது. 1893 முதல் 1905 தொடக்கம் வரை பிரெஞ்சுப் படையும் இந்த ஊரில் கூடாரம் அடித்திருந்தது. அவர்கள் போய்விட்டார்கள், நூடுல்ஸ் தங்கிவிட்டது.

'சென் சான்' என்று தாய்லாந்து முழுக்கப் பேர் வாங்கிய நூடுல்ஸ் நூல் இந்த ஊருடையது. சுமார் 3 மில்லிமீட்டர் அகலம், காயவைத்த அரிசி நூல். வாணலியில் போட்டு எவ்வளவு புரட்டினாலும் குழையாது, அறுந்துபோகாது. 'பாட் தாய்' என்ற வறுத்த நூடுல்ஸ் சமைக்கிறவர்கள் இதைத் தேடி வாங்குவது அதற்காகத்தான். விஷயம் அரிசியில் இருக்கிறது. வாசனை தூக்கும் மல்லிகை அரிசி இதற்கு உதவாது, அது ஒட்டிக்கொள்ளும். அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதலாக உள்ள, உதிரி உதிரியாக வேகும் கெட்டி அரிசி வேண்டும். அதுவும் பழைய அரிசியாக இருந்தால் நல்லது. நம் வீடுகளில் இடியாப்பத்துக்குப் பழைய பச்சரிசியைத் தேடுவது போலத்தான். ஊறவைத்து அரைத்த மாவைத் தகடாக ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, ஆறப்போட்டுப் பிறகு வெட்டுகிறார்கள்.

கடையில் அடுப்பு மேடை எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து வகை நூல் குவிந்திருக்கும்: அகலமான சென் யாய், ஒல்லியான சென் லெக், தலைமுடி மாதிரி சென் மீ, மஞ்சள் நிற முட்டை நூல் பமீ. 1972-இல் வந்த 'மாமா' பாக்கெட் நூடுல்ஸ்கூடச் சில கடைகளில் அந்தப் பெட்டிக்குள் இடம் பிடித்துவிட்டது. வாடிக்கையாளர் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவார்: எந்த நூல், சூப்போடா இல்லை உலர்வாகவா, சாதாரணமா ஸ்பெஷலா. கடைக்காரம்மாவை 'ஜே' என்றும் கடைக்காரரை 'ஹியா' என்றும் கூப்பிடுகிறார்கள். அக்கா, அண்ணன் என்பதற்கு தியோச்சூ முறைச்சொற்கள். கூப்பிடுகிறவர் சீன வம்சமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அண்டா இரண்டு அறை கொண்டது. ஒன்றில் வெறும் வெந்நீர், மற்றதில் சூப்பு. மூங்கில் பிடி போட்ட கம்பிக் கூடையில் ஒரு கைப்பிடி நூலும் முளைப்பயறும் போட்டு வெந்நீரில் முக்குகிறார் ஜே. எண்ணி முடிப்பதற்குள் வெளியே எடுத்து, மணிக்கட்டால் இரண்டு உதறு. தண்ணீர் போன வழி தெரியாது. சேவல் படம் போட்ட கிண்ணத்தில் நூல் விழுந்ததும் ஒரு கரண்டி பூண்டு எண்ணெய். நூல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பது அதனால்தான். மேலே இறைச்சித் துண்டு, உருண்டை, வெந்தும் வேகாத ஈரல், கடைசியில் கொதிக்கும் சூப்பு. ஒரு நிமிஷத்துக்குள் கிண்ணம் மேஜைக்கு வந்துவிடும். அந்தச் சேவல் கிண்ணங்கள் வடக்கே லம்பாங் ஊரில் செய்கிறவை. சீன ஹக்கா குயவர்கள் அங்கே வெள்ளைக் களிமண்ணைக் கண்டு சூளை போட்டார்கள்.

பழைய அண்டாக்களை நினைத்து யாரும் ஏங்க வேண்டாம். அவற்றின் பற்றவைப்பிலிருந்து ஈயம் சூப்பில் இறங்குகிறது என்று சுகாதாரத் துறை விடாமல் பிரசாரம் செய்தது. இப்போது எஃகு அண்டாக்கள்தான். சுவை கெட்டதாக யாரும் புகார் சொல்லவில்லை.

மேஜையில் நாலு குப்பி: மீன் சாறு, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், சர்க்கரை. ஆம், சர்க்கரைதான். சூப்பில் சர்க்கரையா என்று நம் முகம் சுருங்கும். ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிப் பார்த்தால் புளிப்பும் காரமும் அடங்கி ஒழுங்காகிவிடுகின்றன.

சந்தபுரிக்கே உரிய கிண்ணம் 'குவைத்தியாவ் மூ லியாங்'. சூப்பு கறுப்பாக இருக்கும். பட்டையும் நட்சத்திரச் சோம்பும் சித்தரத்தை வகையும் போட்டுக் கொதித்தது. ஆனால் மூக்கில் முதலில் ஏறுவது 'ரேவ்' கிழங்கின் வாசனை. இஞ்சிக் குடும்பத்துச் செடி அது, இந்தப் பக்கத்துக் காடுகளிலும் தோட்டங்களிலும் வளர்கிறது. பாங்காக் கடைக்காரர்கள் லியாங் சமைக்கிறோம் என்று பெயர்ப்பலகை வைக்கலாம், ரேவ் இல்லாவிட்டால் அது வெறும் மசாலா சூப்பு. மற்றது நண்டோடு புரட்டிய சென் சான்: புளி, பனைவெல்லம், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்த விழுதில் நூல் செக்கச்செவேல் என்று வரும். நம் நாக்குக்கு உடனே பிடிபடும் சாமான் இதுதான்.

சைவர்களுக்கு ஒரு சேதி. புரட்டாசி, ஐப்பசிப் பக்கம் வரும் சீன விரத நாள்கள் ஒன்பதிலும் பல கடைகளில் மஞ்சள் கொடி தொங்கும். எலும்பு அண்டா இறங்கிக் காய்கறி அண்டா ஏறும். பூண்டும் வெங்காயமும்கூட அப்போது விலக்கு.

இந்தச் சீனப் பண்டம் தாய்லாந்தின் தேசியப் பண்டமான கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1939-இல் சயாமுக்குத் தாய்லாந்து என்று பெயர் மாற்றிய பிரதமர் பிபுன்சொங்க்ராம் சீனப் பள்ளிகளை மூடியவர், சில தொழில்களைத் தாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கியவர். உலகப் போரும் 1942 வெள்ளமும் சேர்ந்து நெருக்கியபோது, அதே மனிதர் நாடே நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்று பிரசாரம் தொடங்கினார். அவர் போட்ட கணக்கு பிரசித்தம்: 1 கோடியே 80 லட்சம் பேர் நாளுக்கு 5 சதாங் (0.05 பாட்) கிண்ணம் ஒன்று வாங்கினால் நாட்டில் தினம் 9 லட்சம் பாட் புரளும். நூடுல்ஸ் விற்பதைத் தாய்க்காரர்களின் தொழிலாகவே ஆக்கப் பார்த்தார்கள். ஆனால் சின்ன ஊர்களில் அண்டாவைக் கையில் வைத்திருந்தவர்கள் சீனக் குடும்பங்கள்தான். அவர்கள் தாய்ப் பெயர்களை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தாய்ப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கடையை நடத்தினார்கள்.

1961-இல் தனத்ஸ்ரீ ஸ்வஸ்திவத் என்ற அரச குடும்பத்து எழுத்தாளர், ஷெல் நிறுவனத்தின் ஆதரவில் 'ஷெல் சுவன் சிம்' என்ற உணவுக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். அவர் பரிந்துரைத்த கடைகளில் பச்சைக் கிண்ணச் சின்னம் தொங்கியது. மிச்செலின் உணவு வழிகாட்டி தாய்லாந்துக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே சின்ன ஊர்க் கடைகளைத் தேடிக் கார்கள் வர ஆரம்பித்துவிட்டன.

இனி பணத்துக்கு வருவோம். நாலு பேர் உள்ள குடும்பம் கடையை நடத்துகிறது என்று வையுங்கள். சந்தபுரியில் குறைந்தபட்சக் கூலி 2025-இல் நாளுக்கு 350 பாட்டை ஒட்டி இருந்தது. நாலு பேருக்கு 1,400. நாளுக்கு 100 கிண்ணம் விற்றால் கிண்ணத்துக்கு 14 பாட் கூலி. இந்த 14 பாட் விலைப்பலகையில் ஏறவே இல்லை. மாடி வீடும் சொந்தம் என்பதால் வாடகையும் ஏறவில்லை. 60 பாட் கிண்ணம் உண்மையில் 74 பாட் கிண்ணம், வாடகையையும் சேர்த்தால் இன்னும் மேலே. வித்தியாசத்தை நாற்பது வருஷமாக அந்தக் குடும்பம் தன் உழைப்பில் கட்டியிருக்கிறது. பதிலுக்கு அது எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: பிள்ளைகளின் படிப்பு. பாங்காக்கில் மகள் மருந்தாளுநர், மகன் பொறியாளர் என்றால் அதுதான் கடையின் லாபம்.

இப்படிப்பட்ட கடை மூடும்போது 'பாரம்பரியம் அழிகிறது' என்று அழுகிற கட்டுரைகள் ஏராளம். எனக்கு அந்த அழுகையில் சேர முடியவில்லை. விடிகாலையில் எழுந்து எலும்பு வேகவைக்கும் தாய், மகளும் அப்படி எழ வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. எழ வேண்டாம் என்பதற்காகத்தான் செய்தார். கடை தன் வேலையை முடித்துவிட்டது. நஷ்டம் நமக்குத்தான், 60 பாட்டுக்குச் சாப்பிட்ட நமக்கு.

கை குறைந்துகொண்டே போவதும் உண்மை. தாய்லாந்தில் 2021 முதல் பிறப்பைவிட இறப்பு அதிகம். 2024-இல் பிறந்த குழந்தைகள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. குடும்பத்துக்கு ஒரு பிள்ளை, அதுவும் வேறு ஊரில். பாத்திரம் கழுவ, மேஜை துடைக்க இந்த எல்லை மாகாணத்தில் கம்போடியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2025 எல்லைச் சண்டைக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் நாடு திரும்பிவிட்டார்கள். தெருமுனையிலோ 'சாய் சி' நிறுவனத்தின் மஞ்சள் வண்டிகள். நூலும் சாமானும் நிறுவனத்திடமிருந்தே வரும், வண்டிக்காரர் வேகவைத்துக் கொடுத்தால் போதும். நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பரவிவிட்டன.

வரி இன்னொரு கவலை. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், அரசு 'கொன் லா க்ருங்' திட்டத்தைக் கொண்டுவந்தது. பில்லில் பாதியை, நாளுக்கு 150 பாட் வரை, அரசே கட்டியது. பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் கிடையாது, சின்னக் கடைகளுக்கு மட்டும். கல்லாப்பெட்டியை மட்டும் நம்பியிருந்த ஜேக்கள் எல்லாம் செல்போனைக் கையில் எடுத்தார்கள். கூட்டம் மொய்த்தது. பிறகுதான் உறைத்தது, செயலியில் வந்த காசு கணக்கில் பதிந்துவிடும் என்று. ஆண்டு விற்றுமுதல் 18 லட்சம் பாட்டைத் தாண்டினால் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிய வேண்டும். 100 கிண்ணம், 60 பாட், 300 நாள் என்று பெருக்கிப் பாருங்கள்: சரியாக 18 லட்சம். மதியம் இரண்டு மணிக்கே 'தீர்ந்துவிட்டது' என்று பலகை தொங்கவிடும் கடைகளில் எல்லாமே சூப்பு தீர்ந்து மூடுகிறவைதானா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

படித்துவிட்டுத் திரும்பி வருகிற பிள்ளைகளும் இல்லாமலில்லை. கொரோனாவில் வேலை போனவர்கள் சிலர், பாங்காக் நெரிசல் அலுத்துப்போனவர்கள் சிலர். அவர்கள் அண்டாவை அப்படியே வைத்துக்கொண்டு கடையை மாற்றுகிறார்கள். ரேவ் வாசனை சேர்ந்த மசாலாவைப் பொட்டலம் கட்டி, சென் சான் பாக்கெட்டோடு சேர்த்துத் துரியன் சீசன் பயணிகளிடம் விற்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடுகிறார்கள். பாட்டிக்கு அதுவே அவமானம். குளிர்சாதனம் போடுகிறார்கள், ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள், விலைப்பலகையில் 60-ஐ அழித்து 80 எழுதுகிறார்கள். பழைய வாடிக்கையாளர்கள் உச்சுக்கொட்டிவிட்டு மஞ்சள் வண்டிப் பக்கம் பார்க்கிறார்கள். 80 பாட் அநியாயம் என்பது அவர்கள் வாதம். 60-ஓடு அந்த 14-ஐக் கூட்டினால் மிச்சம் 6 பாட். அதில்தான் அந்தப் பிள்ளை குளிர்சாதனத்துக்கு மின்கட்டணமும் கட்ட வேண்டும்.